சினைக்குள் ஒரு கணக்கு

பாறசாலைச் சந்தையிலோ நெய்யாற்றின்கரைச் சந்தையிலோ வாங்கிய மீனை வீட்டில் அறுக்கும்போது, சில நாள்களில் அதன் வயிற்றினுள் மஞ்சள் நிறத்தில் இரண்டு நீண்ட பைகள் காணப்படும். அவற்றைச் சினை என்கிறோம். பொரித்துத் தின்னச் சுவையானது என்பதற்கு மேல் அதனைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. அந்தப் பைகளுக்குள் எத்தனை முட்டைகள் இருக்கும்? எல்லா மீன்களுக்கும் ஒரே எண்ணிக்கைதானா? ஒரே வகை மீன் இரண்டு வெவ்வேறு நீர்நிலைகளில் வாழ்ந்தால், இரண்டிலும் ஒரே அளவில் முட்டையிடுமா? இம்மூன்றாவது வினாவே இப்பாடத்தின் பொருள். முதல் இரண்டு வினாக்களும் அதற்குச் செல்லும் படிகள்.

அகத்தியமலைப் பகுதியில் தோன்றும் நெய்யாறு, ஏறத்தாழ 56 கிலோமீட்டர் ஓடி, பூவாற்றில் அரபிக்கடலைச் சேர்கிறது. ஆறு கடலோடு கலக்கும் இடத்தை நம் பகுதியில் பொழி என்பர். தமிழிலும் மலையாளத்திலும் இச்சொல் ஒன்றே. மீன் பெயர்களும் பெரும்பாலும் அப்படித்தான். நாம் சாளை என்பதைத் திருவனந்தபுரத்தார் சாள என்கின்றனர். வடகேரளத்தில் அதுவே மத்தி. விரால் என்பது இங்கே வரால். கரிமீன் இரு மொழியிலும் கரிமீனே. அணையின் நன்னீர், பொழியின் உவர்நீர், பொழியூருக்கும் நீரோடிக்கும் வெளியே விரியும் கடல்நீர் என மூன்று வகை நீரும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவுக்குள் அமைந்திருப்பது இப்பகுதியின் பேறு. ஆகவே நம் வினாவுக்குரிய மீன்களைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை, முதற்கட்டத்திலாவது.

கரிமீனை எடுத்துக்கொள்வோம். 2010ஆம் ஆண்டு கேரள அரசு இதனை மாநில மீனாக அறிவித்தது. இம்மீன் இணையாக வாழ்வது. நீருக்குள் மூழ்கிய கல்லிலோ, மரத்துண்டிலோ, தென்னைமட்டையிலோ ஓரிடத்தைத் துப்புரவு செய்து, தாய் தன் முட்டைகளை அதில் ஒட்டவைக்கும். ஒவ்வொரு முட்டைக்கும் ஒரு சிறு காம்பு உண்டு. எண்ணிக்கை சில நூறு முதல் சில ஆயிரம் வரை. பிறகு தாயும் தந்தையும் மாறி மாறித் துடுப்பால் விசிறி, முட்டைகளுக்குப் புதுநீர் செலுத்தும். கெட்டுப்போன முட்டையை வாயால் அகற்றும். குஞ்சு வெளிவந்ததும் அடிமண்ணில் தோண்டிய சிறு குழிகளுக்கு அவற்றை எடுத்துச் சென்று காவல் காக்கும். நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் பெற்றோரைச் சூழ்ந்தே திரியும்.

சாளையின் வழி முற்றிலும் வேறு. நெய்ச்சாளை ஒன்றின் சினையில் உள்ள முட்டைகளை வெவ்வேறு காலங்களில் எண்ணிய ஆய்வாளர்கள், முப்பதாயிரத்துக்கு மேல் தொடங்கி எண்பதாயிரம் வரை கணக்குத் தந்துள்ளனர். முட்டை ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். கடலில் அவற்றை விட்டதோடு தாயின் பணி முடிந்தது. காவலும் இல்லை, கூடும் இல்லை. அலை கொண்டுபோன இடத்தில் முட்டை பொரியும். அல்லது வேறொரு மீனின் வாய்க்குள் போகும்.

இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்ள அடுக்களைக்குச் செல்வோம். தெரளியிலையில் கொழுக்கட்டை அவிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிசைந்த மாவு ஒரு குறிப்பிட்ட அளவே உள்ளது. அதில் பத்துப் பெரிய கொழுக்கட்டைகள் செய்யலாம். முப்பது சிறியவையும் செய்யலாம். முப்பது பெரியவை செய்ய இயலாது. தாய் மீனின் உடலில் சேர்ந்துள்ள கொழுப்பும் புரதமும் அந்த மாவு போன்றவை. முட்டையின் எண்ணிக்கையைக் கூட்டினால் அதன் அளவு குறையும்; அளவைக் கூட்டினால் எண்ணிக்கை குறையும். பெரிய முட்டையிலிருந்து வரும் குஞ்சு வலிமையானது. கரு உணவு மிகுதியாகப் பெற்றிருப்பதால் சில நாள்கள் இரை கிடைக்காவிட்டாலும் தாங்கும். சிறிய முட்டையின் குஞ்சுக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அதற்கு உடன்பிறந்தார் பலர். ஒரு தாய் ஒரு பருவத்தில் உருவாக்கும் முட்டைகளின் எண்ணிக்கையை உயிரியலார் கருவளம் என்பர்.

இங்கே ஓர் எளிய கணக்கைச் செய்து பாருங்கள். ஒரு நீர்நிலையில் ஒரு மீனினத்தின் தொகை கூடாமலும் குறையாமலும் இருக்கவேண்டுமானால், ஓர் இணையின் முட்டைகளுள் சராசரியாக இரண்டு மட்டும் வளர்ந்து முட்டையிடும் பருவத்தை அடைந்தால் போதும். தாய் வாழ்நாளில் ஒரேமுறை முட்டையிடுவதாக வைத்துக்கொள்வோம். 50,000 முட்டையிடும் சாளைக்கு 25,000இல் ஒன்று பிழைத்தால் போதுமானது. 2,000 முட்டையிடும் கரிமீனுக்கு 1,000இல் ஒன்று பிழைக்கவேண்டும். சாளை எண்ணிக்கையை நம்பி வாழ்கிறது. கரிமீன் காவலை நம்பி வாழ்கிறது. எது உயர்ந்தது என்று கேட்பதில் பொருளில்லை. அலையடிக்கும் திறந்த கடலில் கரிமீனின் காவல் செல்லாது. பொழியின் அமைதியான ஓரத்தில் அது நன்றாகவே செல்லும்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. முட்டை மிகுதியாக இருந்தால் மீனும் மிகுதியாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நம் குளங்களை நிறைத்திருக்கும் ஜிலேபி மீனைப் பாருங்கள். திலாப்பியா என்னும் இந்த ஆப்பிரிக்க மீன் 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஒருமுறைக்கு அது இடும் முட்டைகள் சில நூறுதான். தாய் அவற்றைத் தன் வாய்க்குள் வைத்து அடைகாக்கும். குஞ்சுகள் வெளிவந்த பிறகும், அச்சம் நேர்ந்தால் வாய்க்குள்ளேயே மீண்டும் அடைக்கலம் கொடுக்கும். ஆண்டில் பலமுறை முட்டையிடும். ஆகவே சில நூறு முட்டைகளே ஊர்க்குளம் முழுவதையும் நிரப்பப் போதுமானவையாயின. உள்நாட்டு மீன்களுக்கு அதனால் வந்த நெருக்கடி வேறொரு பாடத்துக்குரிய செய்தி.

ஜிலேபி மீனிடம் நம் மூன்றாவது வினாவுக்கும் ஒரு குறிப்பு உண்டு. அகன்ற நீர்த்தேக்கத்தில் வாழும் ஜிலேபி, உடல் நன்கு வளர்ந்த பிறகே முட்டையிடத் தொடங்கும். அதே மீன் சிறிய குளத்தில் நெருக்கமாக வாழ நேர்ந்தால், விரல் நீளத்திலேயே, பிறந்து இரண்டு மூன்று திங்களுக்குள் முட்டையிடத் தொடங்கிவிடும். உடல் சிறியதாகையால் ஒருமுறைக்கு இடும் முட்டைகளும் குறைவு. இனம் ஒன்று, நீர் வேறு, முட்டைக் கணக்கும் வேறு. ஒரே இனத்தைச் சேர்ந்து ஓரிடத்தில் ஒன்றாக வாழ்ந்து இனம்பெருக்கும் தொகுதியை இனக்கூட்டம் என்கிறோம். குளத்து ஜிலேபிகள் ஓர் இனக்கூட்டம். அணையின் ஜிலேபிகள் மற்றோர் இனக்கூட்டம்.

இவ்வேறுபாடு நீரின் விளைவா, பிறப்பின் விளைவா? குளத்து ஜிலேபியை அணையில் விட்டால் அது அணை மீனைப் போல் மாறிவிடுமா? அல்லது சிறுமை அதன் பரம்பரையிலேயே பதிந்துவிட்டதா? இதற்கு விடை தேடியவர்களுள் சிறந்த விடை கண்டவர்கள் சால்மன் மீனை ஆராய்ந்தவர்கள். எனவே இப்போது நாம் எல்லைப்புறத்தை விட்டு வெகுதொலைவு செல்லவேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். கடைகளில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கப்படுவது காலா மீன். அது நம் கடலின் நல்ல மீன்தான். ஆயினும் சால்மன் குடும்பத்தோடு அதற்கு உறவில்லை. உண்மையான சால்மன் குளிர்ந்த வடகடல்களில் வாழ்வது. ஆற்றின் மேற்பகுதியில், கூழாங்கற்களுக்கிடையே பிறந்து, கடலுக்குச் சென்று சில ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும். ஆற்றுக்குள் நுழைந்தபின் அது பெரும்பாலும் இரை உண்பதில்லை. உடலில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கொண்டே நீரோட்டத்தை எதிர்த்து நீந்தவேண்டும். அதே கொழுப்பைக் கொண்டே சினையையும் முதிரச் செய்யவேண்டும். பசிபிக் பெருங்கடலின் சால்மன் இனங்கள் முட்டையிட்டபின் இறந்துவிடும். அவற்றுள் மிகப் பெரியதாகிய சினூக் ஏறத்தாழ ஐயாயிரம் முட்டைகள் இடும்; ஒவ்வொன்றும் பட்டாணி அளவு. பிங்க் சால்மன் என்னும் சிறிய இனம் இரண்டாயிரத்துக்கும் குறைவாகவே இடும்.

ஒவ்வொரு சால்மனும் தன் ஆற்றுக்கே திரும்புவதால், ஆறுதோறும் தனித்தனி இனக்கூட்டங்கள் உருவாகியுள்ளன. அவற்றின் முட்டைக் கணக்குகளும் வேறுபடுகின்றன. வட அமெரிக்கக் கடற்கரையில் வடக்கே செல்லச் செல்ல, கோஹோ என்னும் சால்மனின் முட்டைகள் எண்ணிக்கையில் கூடி, அளவில் சிறுக்கின்றன. கடலோரத்துக்கு அருகிலேயே முட்டையிடும் கூட்டங்களை, ஆற்றில் நெடுந்தொலைவு ஏறிச் செல்லும் கூட்டங்களோடு ஒப்பிட்டாலும் இத்தகைய வேறுபாடு தெரிகிறது. நெடும்பயணம் செய்பவை, முட்டையின் அளவோடு ஒப்பிட, எண்ணிக்கையை மிகுதியாகக் கொண்டுள்ளன.

இதன் காரணத்தைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு நியூசிலாந்தில் கிடைத்தது. அந்நாட்டில் முன்பு சினூக் இல்லை. 1901 முதல் 1907 வரையிலான ஆண்டுகளில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சாக்ரமெண்டோ ஆற்றுப் பகுதியிலிருந்து முட்டைகளைக் கப்பலில் கொண்டுவந்து பொரிக்கச் செய்து ஆற்றில் விட்டனர். குடிபெயர்ந்த அம்மீன்கள் நியூசிலாந்தின் தென்தீவு ஆறுகள் பலவற்றில் தாமாகவே பரவின. சில கூட்டங்கள் கடலுக்கு அருகிலும் சில மலையடிவாரத்திலும் முட்டையிடலாயின. மூதாதையர் ஒருவரே, ஊர்தான் வேறு. ஆராய்ச்சியாளருக்கு இதைவிட நல்ல நிலை அமைவது அரிது.

அவர்கள் ஒரே குடும்பங்களைச் சேர்ந்த குஞ்சுகளை இரண்டு இடங்களில் விட்டனர். கடலில் வளர்ந்தபின் ஒரு பகுதி அருகிலுள்ள இடத்துக்கும், மற்றொரு பகுதி அதைவிட 86 கிலோமீட்டர் தொலைவும் 413 மீட்டர் உயரமும் கூடுதலான இடத்துக்கும் திரும்பின. தொலைவு சென்றவற்றின் சினை எடையில் ஏறத்தாழ 14 விழுக்காடு குறைந்திருந்தது. அக்குறைவு முட்டையின் எண்ணிக்கையில் அன்று, முட்டையின் அளவிலேயே தெரிந்தது. அதாவது, பயணச் செலவு முட்டைக்குரிய மாவிலிருந்து எடுக்கப்பட்டது. இது நீரின் விளைவு.

அடுத்த சோதனை இன்னும் சுவையானது. தொலைவு செல்லும் கூட்டத்தின் குஞ்சுகளையும் அருகில் முட்டையிடும் கூட்டத்தின் குஞ்சுகளையும் ஒரே நிலையில் வளர்த்தனர். இப்போது இரண்டுக்கும் பயணச் செலவு இல்லை. ஆகவே இரண்டும் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்றே நாம் எதிர்பார்ப்போம். அவ்வாறு இல்லை. தொலைவு செல்லும் கூட்டத்தில் பிறந்தவை சினைக்கு மிகுதியாக ஒதுக்கின. அவற்றில் குறிப்பாக முட்டையின் எண்ணிக்கை கூடியிருந்தது. வழியில் இழக்கப்போவதை ஈடுசெய்யும் இயல்பு அவற்றின் பரம்பரையில் பதிந்துவிட்டது. குடியேறி ஒரு நூற்றாண்டு முடிவதற்குள் இம்மாற்றம் நேர்ந்துள்ளது. நீரா, பிறப்பா என்ற வினாவுக்கு விடை, இரண்டுமே என்பதாகும்.

சால்மனின் நெருங்கிய உறவினர் ஒருவர் தமிழ்நாட்டிலும் இருக்கிறார். வானவில் டிரௌட் என்னும் மீன் அது. சினூக்கும் இதுவும் ஒரே பேரினம். நீலகிரியின் அவலாஞ்சியில் 1907இல் வில்சன் என்பவர் இதற்கொரு பொரிப்பகம் அமைத்தார். மூணாற்றுக்கு அருகிலுள்ள மலைநீரிலும் இம்மீன் வளர்கிறது. ஒரு கிலோ எடையுள்ள தாய்க்கு ஏறத்தாழ இரண்டாயிரம் முட்டைகள் என்பது பொதுக்கணக்கு. இதுவும் சினூக்கைப் போல் குடிபெயர்ந்து வந்த மீனே. ஆனால் நீலகிரியில் கடலுக்குப் போய்த் திரும்பும் பயணம் இல்லை.

இவ்வளவையும் தெரிந்துகொள்வதால் நமக்கு என்ன? அணைகளிலும் ஆறுகளிலும் மீன் குறையும்போது, பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளை விடுவது அரசின் வழக்கம். அது நல்ல பணியே. ஆயினும் குஞ்சு எந்த நீரின் தாய்க்குப் பிறந்தது என்று கேட்பதும் நல்லதே. தன் நீருக்கேற்ற முட்டைக் கணக்கை ஓர் இனக்கூட்டம் பல தலைமுறைகளில் கற்றிருக்கிறது. வேற்று நீரின் மீனை அதனோடு கலந்தால் அக்கணக்கு குலையக்கூடும். சால்மன் ஆறுகளைக் காப்பவர்கள் இதனை நன்கு உணர்ந்துள்ளனர். நம் கரிமீனுக்கும் இவ்வினா பொருந்தும் என்றே தோன்றுகிறது.

இன்னொரு செய்தி தாயின் அளவைப் பற்றியது. இரண்டு மடங்கு எடையுள்ள தாய் இரண்டு மடங்கு முட்டையிடும் என்று நாம் கருதுவோம். பெரும்பாலான மீன்களில் அதற்கும் மேலாகவே இடுகிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, 30 கிலோ எடையுள்ள ஒரு காட் மீன், 2 கிலோ எடையுள்ள 28 காட் மீன்கள் சேர்ந்து இடுவதைவிட மிகுதியாக முட்டையிடும் என்று காட்டியது. அந்த 28 மீன்களின் மொத்த எடை 56 கிலோ. எடையால் இரண்டும் சமமே என்று கருதும் தராசு இங்கே பொய் சொல்கிறது. வலையில் பெரிய தாய்களை மட்டும் தொடர்ந்து பிடித்தால், மீதமுள்ள சிறியவை அவற்றின் இடத்தை நிரப்ப இயலாது.

நம் கரைக்கே திரும்புவோம். கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 இலட்சம் டன் நெய்ச்சாளை பிடிபட்டது. 2021இல் பிடிபட்டது 3,297 டன் மட்டுமே என்று கொச்சியிலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கணக்கிட்டது. பொழியூர் முதல் கொல்லங்கோடு வரை, சாளையை நம்பிய வீடுகளில் அவ்வாண்டு அடுப்பெரிந்தது எப்படி என்பதை அங்குள்ளோர் சொல்லக் கேட்கவேண்டும். இவ்வீழ்ச்சிக்குக் காரணம் வலை மட்டுமன்று. கடலின் வெப்பநிலையை மாற்றும் எல் நினோவும் காரணங்களுள் ஒன்று என்பர். அடுத்த ஆண்டே பிடிப்பு மீண்டும் ஓர் இலட்சம் டன்னைக் கடந்தது. பல்லாயிரம் முட்டையிடும் மீன் விரைவாக வீழும். நீர் இசைந்தால் விரைவாக எழும். கரிமீன் அப்படி வீழ்ந்தால் அவ்வளவு விரைவில் எழாது.

சாளை முட்டையிடும் முக்கியப் பருவம் தென்மேற்குப் பருவமழைக் காலம். கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை இழுவைப் படகுகளுக்குத் தடை உண்டு. களியக்காவிளையைத் தாண்டினால் நாள்கள் மாறுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை. அதே மாவட்டத்தின் கிழக்குக் கரையிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. 1956 நவம்பர் 1 அன்று வகுக்கப்பட்ட மாநில எல்லையைச் சாளைக் கூட்டம் அறியாது. நாள்கள் மாறுபடுவதன் பின்னணியில் இரு கரைகளின் பருவக்காற்று வேறுபாடு உள்ளது. எனினும் பொழியூரும் நீரோடியும் ஒரே கரையில், அடுத்தடுத்த ஊர்கள். அவற்றுக்கு இரண்டு நாள்காட்டிகள் எதற்கு என்று ஒரு மீனவர் கேட்டால் அதில் நியாயம் உண்டு.

கேரள அரசு 2015இல் சாளையைப் பிடிப்பதற்கான மிகக் குறைந்த நீளத்தை 10 செண்டிமீட்டர் என வரையறுத்தது. அயிலைக்கு 14. சாளை முதன்முதலாக முட்டையிடுவது ஏறத்தாழ 15 செண்டிமீட்டர் நீளத்தில். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

சினையில் உள்ள முட்டைகளை எப்படி எண்ணுகிறார்கள் என்பதையும் அறிந்துகொள்வோம். ஒவ்வொன்றாக எண்ணுவார் எவருமில்லை. முதலில் முழுச் சினையையும் நிறுப்பர். பிறகு அதன் முன்பகுதி, நடுப்பகுதி, பின்பகுதி மூன்றிலிருந்தும் சிறிதளவு எடுத்து நிறுத்து, அந்தச் சிறு பங்கில் உள்ள முதிர்ந்த முட்டைகளை மட்டும் எண்ணுவர். எடுத்துக்காட்டாக, சினையின் எடை 12 கிராம். எடுத்த பங்கு 0.1 கிராம், அதில் 400 முட்டைகள் இருந்தன என்க. 12ஐ 0.1ஆல் வகுத்தால் 120. அதனை 400ஆல் பெருக்கினால் 48,000. இதுவே அம்மீனின் கருவளம்.

சொற்பொருள்

சினை – மீனின் முட்டைத் தொகுதி
பொழி – ஆறு கடலோடு கலக்கும் இடம்
உவர்நீர் – உப்புக் கலந்த நீர்
கருவளம் – ஒரு தாய் ஒரு பருவத்தில் உருவாக்கும் முட்டைகளின் எண்ணிக்கை
இனக்கூட்டம் – ஓரிடத்தில் வாழ்ந்து இனம்பெருக்கும் ஓரினத் தொகுதி
பொரிப்பகம் – முட்டைகளைப் பொரிக்கச் செய்து குஞ்சு வளர்க்கும் இடம்

பயிற்சி

1. கரிமீனும் சாளையும் தம் முட்டைகளை விடும் முறையில் எவ்வாறு வேறுபடுகின்றன?

2. கொழுக்கட்டை எடுத்துக்காட்டின் வழியே விளக்கப்படும் கருத்தை உம் சொந்த நடையில் எழுதுக.

3. நியூசிலாந்துச் சோதனைகள் இரண்டனுள் எது நீரின் விளைவைக் காட்டியது? எது பிறப்பின் விளைவைக் காட்டியது? காரணத்துடன் எழுதுக.

4. ஒரு சினையின் எடை 9 கிராம். அதில் 0.1 கிராமில் 350 முதிர்ந்த முட்டைகள் உள்ளன. கருவளம் எவ்வளவு?

5. சாளைக்குரிய குறைந்த நீளத்தை 10 செண்டிமீட்டரிலிருந்து 15 செண்டிமீட்டராக உயர்த்தலாமா? மீன்பிடிப்பவர், மீன் விற்பவர், மீன் உண்பவர் ஆகிய மூவர் நிலையிலும் நின்று வகுப்பில் உரையாடுக.

6. உங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, ஐந்து மீன்களின் பெயர்களை அவர்கள் பிறந்த ஊரில் வழங்கும் வடிவிலும் இங்கு வழங்கும் வடிவிலும் எழுதி வருக. அவை எந்தத் திங்களில் சினையோடு கிடைக்கும் என்பதையும் கேட்டு எழுதுக.